இணைய வசதியுள்ள கார்களில் நம் தகவல்கள் வெளியே போகாமல் தடுக்க முடியுமா?

முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் நிறையவே குறைக்கலாம்.

இரண்டு வருடம் முன்பு கோவையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். ஆர்சி பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் முடித்து, வீட்டுக்கு வந்து திரையைத் தொட்டால் பழைய உரிமையாளரின் போன் நம்பர்கள் மொத்தமும் அப்படியே இருந்தன. மேப்பில் 'வீடு' என்று அவர் விலாசம். சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். அவர் தன் போனில் இருந்த கார் கம்பெனியின் ஆப்பைப் பார்த்துவிட்டு, "சார், வண்டி இப்போ எங்க நிக்குதுன்னு என் ஆப்ல இன்னும் தெரியுதே" என்றார். நல்ல மனிதர், உடனே நீக்கிவிட்டார். என் மனைவி தினமும் அந்தக் காரில்தான் தனியாக வேலைக்குப் போய் வருகிறார். வேறு யாராவதாக இருந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே பழைய கார் விற்றாலும் வாங்கினாலும் இரண்டு வேலை உண்டு. திரையில் ஃபேக்டரி ரீசெட் செய்து, சேமித்திருப்பதை எல்லாம் அழிப்பது ஒன்று. கார் கம்பெனியின் ஆப் கணக்கிலிருந்து அந்த வண்டியை நீக்குவது இன்னொன்று. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்தது கம்பெனிகள். ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற வசதி மூலம் வேகம், திடீர் பிரேக், இரவுப் பயணம் எல்லாவற்றையும் சேகரித்தது. அவை லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தகவல் நிறுவனங்கள் வழியாக இன்சூரன்ஸ்காரர்கள் கைக்குப் போய், சிலருக்கு பிரீமியமே ஏறியது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதிய பிறகுதான் அந்தக் கம்பெனி பகிர்வதை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை, தகவல் பாதுகாப்பில் 25 கார் பிராண்டுகளை ஆராய்ந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை.

அதனால் நீங்கள் ஓட்டும் விதத்துக்கு மார்க் போடும் 'டிரைவிங் ஸ்கோர்' மாதிரி எது இருந்தாலும் அணைத்து வையுங்கள். மைலேஜ் கூடும் என்று ஆசை காட்டினாலும் வேண்டாம். புளூடூத்தில் இணைக்கும்போது கான்டாக்ட், மெசேஜ் அனுமதி கேட்கும். மறுத்தாலும் பாட்டு ஓடும். வாடகைக் காரில் போனை இணைக்கவே இணைக்காதீர்கள், சார்ஜ் போடத் தனி அடாப்டர் போதும். காருக்குள் இருக்கும் சிம் இணைப்பையே கஸ்டமர் கேரில் சொல்லித் துண்டிக்கலாமா என்றால், பல கார்களில் விபத்து நேர அவசர அழைப்பும் அதோடு போய்விடும். நான் துண்டிக்கவில்லை.

அப்புறம் ஒன்று. புதுக் கார் டெலிவரியின்போது ஷோரூமில் உங்கள் போனை வாங்கி, கேட்கிற எல்லாவற்றுக்கும் 'அனுமதி' அமுக்கிக் கொடுத்துவிடுவார்கள். போனைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து நிதானமாக, ஒவ்வொன்றாகப் படித்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.