தண்ணீர் வடிந்தது, டீச்சரின் வேலை திரும்பவில்லை

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் வீட்டையும் வேலையையும் சேர்த்தே இழந்த தனியார் பள்ளி ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க நிறைய பேர் வருகிறார்கள், அந்தப் பிள்ளைகளின் மிஸ் எங்கே தூங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவர்களிடமிருந்தும் அவர்களுக்கு உதவ நினைப்பவர்களிடமிருந்தும் எனக்கு வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

சான்றிதழ்கள் எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. இனி எந்தப் பள்ளியில் வேலை கேட்பேன்? (கொருக்குப்பேட்டை)

முதலில் பிரிக்க அவசரப்படாதீர்கள் டீச்சர். ஈரத்தில் இழுத்தால் கையெழுத்தும் முத்திரையும் அடுத்த தாளோடு போய்விடும். மொட்டை வெயிலும் வேண்டாம். ஃபேன் காற்றில், தானாக விலகும் இடங்களில் மட்டும் வெள்ளைத் தாளோ பருத்தித் துணியோ வைத்து, நனைய நனைய மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை ஏறிவிடும். லேமினேஷன் செய்ததற்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஓரத்தை மட்டும் கத்தரித்து காற்றுப் போக விடுங்கள்.

அப்படியும் தேறாத பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பியுங்கள். பி.எட். சான்றிதழைப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தில்தான் கேட்க வேண்டும். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், அந்தக் கவலை வேண்டாம்.

ஆறு வருடம் வேலை பார்த்த பள்ளி, "கட்டடம் சரியாகட்டும், சொல்லி அனுப்புகிறோம்" என்று நிறுத்திவிட்டது. எனக்கு ஏதாவது வருமா? (வியாசர்பாடி)

வரும். வாய்ப்பேச்சை நம்பாமல் நிறுத்தியதை எழுத்தில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் நீங்களே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலை முடிவுக்கு வரும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. கணக்கு எளிது: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 7,500, ஆறு வருடத்துக்கு 45,000. பி.எஃப். பிடித்திருந்தால் அதிலும் முன்பணம் கேட்கலாம்.

ராஜினாமா என்று எழுதிய தாளை நீட்டினால் மட்டும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து யாரிடமாவது காட்டுங்கள்.

வாடகை வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது. ஓனர் அட்வான்ஸைத் தர மறுக்கிறார். (எர்ணாவூர்)

சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் இடிந்த பகுதியையும் இன்றே படம் எடுங்கள். அப்புறம் 15100 என்ற எண்ணுக்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்த உதவி 1987-ஆம் வருடச் சட்டப்படியே உண்டு.

எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ் இன்று சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். (ராயபுரம்)

2015-இல் ஒரு கல்யாண மண்டபத்தில் அரிசி கொடுத்தார்கள். வரிசையில் நின்ற ஒரு டீச்சர், பை கொடுத்துக்கொண்டிருந்தது தன்னுடைய பழைய மாணவன் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று இரவு அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்னும் அது உறுத்துகிறது.

அதனால் மண்டபத்துக்குக் கூப்பிடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். தெருவில் ஒரு அறை பிடியுங்கள், மூன்று மாத வாடகையை நீங்கள் கட்டுங்கள். பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அவர்களுக்கான டியூஷன் ஃபீஸை மாதம் பிறந்ததும் மிஸ் கையில் கொடுங்கள். அது அவர் உழைத்த சம்பளம், வாங்கிக்கொள்வார். போகும்போது மறக்காமல் கேளுங்கள்: மூக்குக் கண்ணாடி இருக்கிறதா, வெள்ளத்தோடு போய்விட்டதா என்று.