கேள்வி: பக்கத்து இணைய முகவரிகளை ஸ்கேன் செய்துவிட்டேன், இணைய நிறுவனம் எச்சரிக்கை மெயில் அனுப்பியிருக்கிறது, வழக்கு வருமா?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், என்மேப்பில் (நெட்வொர்க்கில் எந்தக் கருவிகள் இருக்கின்றன, எவை திறந்திருக்கின்றன என்று தேடும் மென்பொருள்) முகவரிக்குப் பின்னால் 24 போடாமல் 16 போட்டிருக்கிறீர்கள். 24 என்றால் 256 முகவரி. 16 என்றால் 65,536. வீட்டு ரவுட்டரைத் தாண்டி அந்த நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்கள் வரை போய்விட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் 'அணுகல்' என்பதற்கான விளக்கம் ரொம்ப விரிவானது. கணினியோடு தொடர்புகொள்வதும் அதில் வரும். உரிமையாளர் அனுமதி இல்லாமல் அணுகினால் பிரிவு 43-இன்படி நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கமோ மோசடி நோக்கமோ இருந்தால்தான் பிரிவு 66: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கைத்தவறுதலுக்கு அது வருவது கடினம் என்பது என் கருத்து. ஆனால் ஸ்கேனில் தெரிந்த யாருடைய கேமராவிலாவது ஒரு பாஸ்வேர்டாவது போட்டுப் பார்த்திருந்தால் கதையே வேறு. உடனே வக்கீலைப் பாருங்கள்.

அப்படி எதுவும் செய்யவில்லையென்றால் இன்றே இணைய நிறுவனத்துக்குப் பதில் எழுதுங்கள்: தேதி, நேரம், கருவி, தவறான எண், நிறுத்திவிட்டது. லாக்கை (ஸ்கேனின் பதிவுக் கோப்பை) அழிக்காதீர்கள், உங்கள் நோக்கத்துக்கு அதுதான் சாட்சி.

'பார்த்தேன், தொடவில்லை' என்ற வாதம் வேண்டாம். சில பிரிண்டர்களில் 9100 போர்ட்டுக்கு (தகவல் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) எது போனாலும் அது தாளில் அச்சாகும். அதனால்தான் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்க்கும் வெர்ஷன் சோதனையில் என்மேப் அந்த போர்ட்டைத் தானாகவே தவிர்க்கிறது. சில பழைய தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள் (இயந்திரங்களை இயக்கும் கருவிகள்) சாதாரண ஸ்கேனிலேயே நின்றுவிடக்கூடும்.

பழக, வெர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) பயிற்சிக்காகவே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிளை ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில், அதாவது உங்கள் கணினியைத் தாண்டாத நெட்வொர்க்கில், ஓட்டுங்கள். வெளியே வேண்டுமானால் என்மேப்காரர்களே அனுமதித்திருக்கும் 'ஸ்கேன்மீ' சர்வர் இருக்கிறது, நாளைக்குச் சில தடவை மட்டும்.