கறக்காத மூணு மாடும் தூங்காத வீட்டுக்காரரும்

கேள்வி: எங்ககிட்ட அஞ்சு ஜெர்சி கிராஸ் மாடு இருக்குங்க. ரெண்டுதான் கறக்குது, மத்த மூணும் பால் வத்திப்போச்சு, எத்தன ஊசி போட்டும் சினை நிக்கல. வீட்டுக்காரர் இன்னும் கடன வாங்கி ரெண்டு மாடு பிடிச்சா சரியாயிடும்ங்கிறாரு. ராத்திரி தூக்கமில்ல, யார் வீட்டு விசேஷத்துக்கும் வர்றதில்ல, போன வாரம் "எல்லாம் போதும்னு இருக்கு"ன்னாரு. பயமா இருக்குங்க.
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: தங்கச்சி, மாட்டுக்கணக்கு அப்பறம். அந்த "போதும்"ங்கிறத கோவத்துல சொன்னதுன்னு விட்டுறாதீங்க. இன்னிக்கே பக்கத்துல உக்காந்து, உயிர விட்டுறலாம்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த நெனப்பு வந்துராது, மனசுல இருக்கறது வெளிய வரும் அவ்வளவுதான். ஆமான்னா தனியா விடாதீங்க, பூச்சிமருந்தெல்லாம் வீட்ட விட்டு அப்புறப்படுத்திட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, நீங்களே முதல்ல பேசுங்க.

புது மாடு இப்போ கண்டிப்பா வேண்டாம். ஆவின்ல 2023 டிசம்பர்ல 3 ரூபா ஊக்கத்தொகை சேத்து பசும்பால் லிட்டர் 38 ரூபா ஆச்சு, அதுவும் பால்ல கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக மிச்சமிருக்கற திடச்சத்து) இருந்தாத்தான், அந்த காச கறக்காத மூணு மாடு தின்னுட்டு இருக்கு. மாடு சினைக்கு வர்ற ஒரு பருவம் தவறினா 21 நாள் தீவனம் தண்டம். அதனால மாட்டு டாக்டர வரச்சொல்லி மூணுக்கும் கர்ப்பப்பைய செக் பண்ணச் சொல்லுங்க, தாது உப்பு தினமும் தீவனத்துல கலந்து குடுங்க, சினை நிக்காததுக்கு பல வீட்டுல இந்த சத்துக்குறைதான் காரணமா இருக்கு. பருவத்துக்கு வந்த அடையாளமா மாடு கத்துதா, கண்ணாடி மாதிரி கோழை ஒழுகுதான்னு விடியக்காலையும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் பாருங்க, காலைல பாத்தா அன்னிக்கு சாயங்காலம், ராத்திரி பாத்தா மறுநாள் காலைல சினை ஊசி. டாக்டர் இது தேறாதுன்னு சொல்ற மாட்ட வித்துருங்க, மனசு கேக்காதுதான், எனக்கும் தெரியும்.

வட்டி அதிகமான கடன் இருந்தா பேங்க்ல மாடு வளர்ப்புக்கான கிசான் கிரெடிட் கார்டு கேளுங்க, 2025 ஜனவரியில இருந்து 2 லட்சம் வரைக்கும் அடமானம் கிடையாது, தவணை தவறாம கட்டினா வட்டி 4 சதவீதந்தான் வரும்.

அப்பறம் சொந்தத்துல ஒருத்தர கறக்கப் பழக்குங்க. புதுக்கை பட்டா மாடு பால அடக்கும், அதனால கொஞ்ச நாள் உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு தட்டிக்குடுக்கட்டும். பழகிட்டா ஒரு நாளாச்சும் அவர் கட்டுத்தறிய விட்டு வெளிய போயிட்டு வரலாம், அந்த விசேஷ வீட்டுக்கும் சேத்துத்தான்.