வலி மாத்திரையை விடும் முதல் வாரத்தில் யாரிடம் பேசுவது?

கேள்வி: முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏழெட்டு மாதமாக டாக்டர் எழுதிக்கொடுத்த டிரமடால் எடுத்துவந்தேன். போன வாரம் நானாகவே நிறுத்தினேன். உடம்பு முறுக்கல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துகொண்டதில் மூன்றாம் நாள் தாங்க முடியாமல் மறுபடி எடுத்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. இதைக் கடந்துவந்த ஒருவரிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. எங்கே தேடுவது, என்னவென்று கேட்பது?

பதில்: மூன்றாம் நாளில் நீங்கள் தளர்ந்துபோனதற்கு மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். டிரமடால் போன்ற, குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து) மாத்திரையை நிறுத்தினால் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொந்தரவு தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் 4 முதல் 10 நாளில் அடங்கிவிடும். அதாவது, இருப்பதிலேயே மோசமான கட்டத்தில் நீங்கள் தனியாக இருந்திருக்கிறீர்கள். மாதக்கணக்கில் மாத்திரை அடக்கிவைத்திருந்த, உடம்பைப் பரபரப்பாக்கும் நோரட்ரீனலின் என்ற ரசாயனம் திடீரென்று எகிறுவதால்தான் வியர்வை, கொட்டாவி, படபடப்பு, கால் ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பது எல்லாம் வருகின்றன. டிரமடால், மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற மூளை ரசாயனத்திலும் கைவைக்கும் மருந்து. அதனால் சிலருக்குக் கடும் பீதி, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது போன்றவையும் வரலாம்.

ஆகவே அடுத்த முறை திடீர் நிறுத்தம் வேண்டாம். முதலில் மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லி, படிப்படியாகக் குறைக்கும் திட்டம் ஒன்றைக் கேளுங்கள். ஓபியாய்டு மாத்திரைகளைச் சடாரென்று நிறுத்தச் செய்வது கடும் வலி, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரித்தது. திட்டம் கைக்கு வந்த பிறகு, முதல் குறைப்புக்கு முன்பே, இதைக் கடந்துவந்த ஒருவரைத் துணையாகத் தேடுங்கள். வயிறு புரட்டும்போது புதிய மனிதர்களிடம் அறிமுகம் செய்துகொள்ளத் தெம்பு இருக்காது.

எங்கே தேடுவது? பரவலாக இருப்பது நார்காட்டிக்ஸ் அனானிமஸ், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழு. 1953-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும்தான் தகுதி. 'டாக்டர் கொடுத்த மருந்துதானே, அங்கே போக நான் யார்?' என்று பலர் தயங்குகிறார்கள். உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு என்பது உண்மைதான். அந்தப் பெயர் உங்களுக்குப் பொருந்துமா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம். வெளியாட்களும் வரக்கூடிய திறந்த கூட்டத்தில் உட்கார அந்த முடிவு தேவையே இல்லை.

அங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக ஒவ்வொருவராகப் பேசுவார்கள், மற்றவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். முதல் தடவை போகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். உங்களுக்கு வேண்டிய உதவி கூட்டம் முடிந்த பிறகுதான் நடக்கும். 'மாத்திரையைக் குறைக்கத் தொடங்கப் போகிறேன், யாராவது போன் நம்பர் தருவீர்களா?' என்று கேளுங்கள். தருவார்கள், அது அங்கே வழக்கம். வெளியே போக முடியாத நாட்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்துவிட்டுப் படுத்தபடியே கேட்கலாம். பேசிக்கொள்ளும் பாணிதான் பிடிக்கும் என்றால் ஸ்மார்ட் ரெகவரி என்ற இன்னொரு குழு பொருந்தும். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஏக்கம் வரும்போது என்ன செய்வது என்று உளவியல் முறைகளை வைத்துச் சேர்ந்து யோசிப்பார்கள்.

மருந்து விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும், தாங்களும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த பியூப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ எடுப்பவர்களை 'இன்னும் விடவில்லை' என்று நினைக்கும் குழுக்கள் உண்டு. சில இடங்களில் அவர்களைப் பேசவும் விடுவதில்லை. இந்த இரண்டு மருந்துகளும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, ஓபியாய்டு அடிமைத்தனத்தில் உயிரைக் காப்பாற்றுகின்றன. உங்கள் டாக்டர் அப்படி ஒன்றைத் தொடங்கினால், குழுவுக்காக மருந்தை விடாதீர்கள். குழுவை மாற்றுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

சரி, துணையாக யாரைத் தேர்ந்தெடுப்பது? விட்டு ஓராண்டாவது ஆனவர் நல்லது. உங்களைப் போலவே இந்த வாரம் தொடங்குபவர் நல்ல நண்பராகலாம், ஆனால் அவர் ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். இருவரும் ஒரே இரவில் தளர்ந்தால் பிடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும்.

கேட்பதைச் சிறியதாக, குறிப்பாகக் கேளுங்கள். 'எனக்கு உதவுங்கள்' என்றால் எதிராளிக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'திங்கட்கிழமை அளவைக் குறைக்கிறேன். இரவில் தூக்கம் வராது. அப்போது மெசேஜ் போட்டால் காலையில் எழுந்ததும் பதில் போடுவீர்களா? மூன்றாம் நாள் மாலை ஒரு போன் செய்ய முடியுமா?' அவர் வந்து எதையும் தீர்க்கத் தேவையில்லை. 'எனக்கும் கால் இப்படித்தான் துடித்தது, அப்புறம் நின்றது' என்று அனுபவித்தவர் வாயால் கேட்டாலே அடுத்த ஒரு மணி நேரத்தைத் தள்ளிவிடலாம்.

அவரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். மாத்திரை அளவு கேட்காதீர்கள். அவர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்காதீர்கள். உடம்பில் ஓபியாய்டு இருக்கும்போதே பியூப்ரெனார்ஃபினைப் போட்டால் வித்ட்ராயல் (மருந்தை நிறுத்தும்போது வரும் தொந்தரவு) ஒரேயடியாக மூர்க்கமாக வரும். வயிற்றுப்போக்குக்கு எடுக்கும் லோபெரமைடை 'நிறையப் போடு, வித்ட்ராயல் குறையும்' என்று சொல்பவர்களும் உண்டு. அளவு மீறினால் அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

வாந்தி நிற்காமல் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது, வலிப்பு, நெஞ்சுவலி, குழப்பம், சாக வேண்டும் என்ற எண்ணம், இதில் எது வந்தாலும் போனை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்த பழக்கம் இருந்தால் அவற்றையும் சேர்த்து நீங்களாக நிறுத்தவே கூடாது. அந்த நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் உங்கள் துணைக்குச் சொல்லிவையுங்கள். சில நாள் விட்டதுமே உடம்பின் தாங்குதிறன் இறங்கத் தொடங்கிவிடும். பழைய அளவை மறுபடி போட்டால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் உண்டு. தளர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே யாருக்காவது சொல்வேன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நாலக்சோன் மருந்து கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டு, கிடைத்தால் எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்படிக் கொடுப்பது என்பதை வீட்டில் ஒருவருக்காவது காட்டுங்கள்.

வீட்டாருக்குப் புரியவில்லை என்கிறீர்கள். அவர்களுக்கென்றே நார்-அனான் என்ற குடும்பக் குழு இருக்கிறது. உங்களால் விளக்க முடியாததை இன்னொரு குடும்பம் எளிதாக விளக்கிவிடும்.

பத்து நாளில் உடம்பு அடங்கியதும் பலர் போன் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கலாம், முதுகுவலியும் கொஞ்ச நாள் கூடுதலாகத் தெரியலாம். வலிக்கு வேறு சிகிச்சை என்ன என்பதை இப்போதே டாக்டரிடம் பேசிவையுங்கள். வாரம் ஒரு கூட்டம், இரண்டு போன் என்ற வழக்கத்தைச் சில மாதங்களாவது விடாதீர்கள்.