டிபி2 இணைப்பு அறுகிறது, ட்ரேஸ் டேட்டாசெட் காலியாக இருக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் இசட் ஓஎஸ் மெயின்ஃப்ரேமில் டிபி2 தரவுத்தளம் ஓடுகிறது. வெளியே இருக்கும் ஜாவா ஆப் சர்வர் ஒன்று 446ஆம் போர்ட் வழியாக அதோடு பேசுகிறது. இரவில் வேலை ஓய்ந்த பிறகு, காலையில் வரும் முதல் சில கோரிக்கைகள் ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்று விழுகின்றன. நெட்வொர்க் டீம் தங்கள் பக்கம் எல்லாம் சரி என்று சொல்லி, பாக்கெட் ட்ரேஸ் (போய்வரும் பாக்கெட்டுகளின் பதிவு) கேட்கிறது. கன்சோலில் பிகேடிட்ரேஸ் ஆன் கட்டளை கொடுத்தேன். வெற்றிகரமாக முடிந்தது என்று செய்தியும் வந்தது. ஆனால் ட்ரேஸ் டேட்டாசெட்டில் (பதிவுக் கோப்பில்) ஒன்றுமே இல்லை. எங்கே தவறு? டேட்டா ட்ரேஸும் போட வேண்டுமா? ப்ரொடக்‌ஷன் மந்தமாகிவிடுமா?

பதில்: நீங்கள் கொடுத்த கட்டளை சரிதான். ஆனால் அது பாதி வேலைதான் செய்யும். எந்தப் பாக்கெட்டுகளைப் பிடிக்க வேண்டும் என்ற வடிகட்டியை மட்டும் பிகேடிட்ரேஸ் டிசிபிஐபி ஸ்டாக்கிடம் (நெட்வொர்க் வேலையைப் பார்க்கும் மென்பொருளிடம்) சொல்கிறது. பிடித்ததைப் பதிவாக்கி வைப்பது இசட் ஓஎஸ்ஸின் பொதுப் பதிவு வசதியான சிட்ரேஸின் வேலை. அதில் சிஸ்டிசிபிடிஏ என்ற காம்பொனென்ட். அது ஆன் ஆகியிருக்க வேண்டும். அங்கிருந்து டேட்டாசெட்டுக்கு எழுத எக்ஸ்டர்னல் ரைட்டர் ஒன்று ஓட வேண்டும், காம்பொனென்ட் அந்த ரைட்டரோடு இணைந்திருக்கவும் வேண்டும். மொட்டை மாடித் தொட்டியின் வால்வு மூடியிருக்கும்போது கீழே குழாயைத் திறந்தால் என்ன வரும், அதுதான் உங்களுக்கு நடந்தது. உங்களுக்கு வந்த ஈஇசட்இசட்0053ஐ செய்திக்குப் பொருள் ‘கட்டளை ஏற்கப்பட்டது’ என்பது மட்டும்தான். ஒரு பாக்கெட்டாவது பதிவானதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ரைட்டர்:

ட்ரேஸ் சிடி,டபிள்யூடிஆர்ஸ்டார்ட்=சிடிடபிள்யூடிஆர்

சிடிடபிள்யூடிஆர் என்பது ப்ராக்லிபில் (ப்ரொசீஜர்களை வைக்கும் நூலகத்தில்) இருக்கும் ஒரு சின்ன ப்ரொசீஜரின் பெயர். உங்கள் இடத்தில் வேறு பெயராக இருக்கலாம். அதில் டிஆர்சிஅவுட்01 என்ற டிடி வரி, எழுத வேண்டிய டேட்டாசெட்டைக் காட்டும். அதற்கு டேட்டாசெட்டின் வடிவத்தைச் சொல்லும் டிசிபி (டேட்டா கன்ட்ரோல் ப்ளாக்) அளவுருக்கள் எதுவும் கொடுக்காதீர்கள், ரைட்டரே பார்த்துக்கொள்ளும். ஐடிடி110ஐ வந்தால் ரைட்டர் தயார். அடுத்தது காம்பொனென்ட்:

ட்ரேஸ் சிடி,ஆன்,காம்ப்=சிஸ்டிசிபிடிஏ,சப்=(டிசிபிஐபி)

அடைப்புக்குள் வர வேண்டியது ஸ்டாக்கின் ஜாப் பெயர். ஒரே எல்பாரில் (மெயின்ஃப்ரேமின் ஒரு தனிப் பகுதியில்) இரண்டு ஸ்டாக் ஓடும் இடங்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: டிபி2 ஒரு ஸ்டாக்கில் இருக்கும், ட்ரேஸ் இன்னொன்றில் போட்டிருப்பார்கள். கட்டளை கொடுத்ததும் ஐடிடி006ஏ என்று கன்சோல் பதிலுக்குக் காத்து நிற்கும். அந்தப் பதில் எண்ணைப் போட்டு இப்படிச் சொல்ல வேண்டும்:

ஆர் 27,டபிள்யூடிஆர்=சிடிடபிள்யூடிஆர்,எண்ட்

இந்தப் பதிலில் ரைட்டரின் பெயரை விட்டுவிட்டு வெறும் எண்ட் மட்டும் கொடுத்தால், பதிவுகள் நினைவகத்தில் இருக்கும் டேட்டா ஸ்பேஸிலேயே சுற்றும், டேட்டாசெட்டுக்கு வராது. ஐடிடி038ஐ வந்ததும் உடனே நம்பிவிடாமல், டி ட்ரேஸ் கட்டளையில் இதே காம்பொனென்ட்டையும் சப் பெயரையும் கொடுத்து, ரைட்டர் இடத்தில் உங்கள் ரைட்டரின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் டேட்டாசெட் காலியானதற்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்: காம்பொனென்ட் ஆன் ஆகவில்லை, அல்லது ரைட்டரோடு இணையவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நீங்கள் முதலில் கொடுத்த கட்டளை வரும், கொஞ்சம் இறுக்கமாக:

வி டிசிபிஐபி,டிசிபிஐபி,பிகேடிட்ரேஸ்,ஆன்,ஐபி=10.20.30.40,போர்ட்நம்=446

ஐபி இடத்தில் ஆப் சர்வரின் முகவரி. வழியில் முகவரியை மாற்றும் நேட் இருந்தால், மெயின்ஃப்ரேமின் கண்ணுக்குத் தெரியும் முகவரியைக் கொடுக்க வேண்டும். போர்ட்நம் அனுப்பும் போர்ட், பெறும் போர்ட் இரண்டோடும் ஒப்பிடப்படும் என்பதால் இரு திசைப் போக்குவரத்தும் விழும். எஸ்ஆர்சிபோர்ட் என்று கொடுத்தால் ஒரு திசைதான் வரும், இந்த வேலைக்கு அது உதவாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒரே கட்டளைக்குள் இருக்கும் நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும். தனித்தனிக் கட்டளைகளாகக் கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே பாக்கெட் பிடிபடும். ஐபியை ஒரு கட்டளையிலும் போர்ட்டை இன்னொன்றிலும் கொடுத்தால், 446ஐத் தொடும் எல்லா க்ளையன்ட்டுகளின் பாக்கெட்டும் உள்ளே வந்துவிடும். ஏற்கெனவே வடிகட்டி எதுவும் இல்லாமல் ஆன் செய்திருக்கிறீர்கள் என்றால், முதலில் அதை ஆஃப் செய்துவிட்டு இதைக் கொடுங்கள்.

கட்டளை அனுமதி மறுக்கப்பட்டால், ராக்ஃப் பாதுகாப்பு மென்பொருளில் ஆப்பர்சிஎம்டிஎஸ் வகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்கெட் ட்ரேஸுக்கும் டேட்டா ட்ரேஸுக்கும் அங்கே தனித்தனி ப்ரொஃபைல் உண்டு.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இரவு முழுக்கக் காத்திருப்பதற்கு முன்னால், பதிவு ஏறுகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். டி டிசிபிஐபி,,நெட்ஸ்டாட்,டெவ்லிங்க்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் கீழே ‘பாக்கெட் ட்ரேஸ் செட்டிங்’ என்று ஒரு பகுதி வரும். ப்ரோட்டோகால், போர்ட், ஐபி, நீளம் என்று நீங்கள் கொடுத்த வடிகட்டி அங்கே அப்படியே தெரியும், கூடவே பதிவு எண்ணிக்கையும் இருக்கும். ஆப் சர்வரிலிருந்து ஒரு சின்னக் கேள்வியை டிபி2க்கு அனுப்பச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பூஜ்ஜியத்திலேயே நின்றால் வடிகட்டியில் ஏதோ பொருந்தவில்லை. ஐபியை எடுத்துவிட்டுப் போர்ட்டை மட்டும் வைத்துச் சில நிமிடம் பாருங்கள், எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். சிஸ்ப்ளெக்ஸ் டிஸ்ட்ரிப்யூட்டர் (இணைப்புகளைப் பல ஸ்டாக்குகளுக்குப் பகிர்ந்தனுப்பும் வசதி) வழியாக டிபி2க்கு வருகிறார்கள் என்றால், உள்ளே வரும் பாக்கெட் டிஸ்ட்ரிப்யூட் செய்யும் ஸ்டாக்கைத் தொட்டுவிட்டு வரும், பதில் மட்டும் நேரே வெளியே போய்விடும். அப்போது டிபி2 இருக்கும் ஸ்டாக்கில் கண்டிப்பாக ட்ரேஸ் வேண்டும், முடிந்தால் இரண்டிலும் போடுங்கள்.

ப்ரொடக்‌ஷன் மந்தமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு ஐபி, ஒரு போர்ட் என்று இறுக்கிய ட்ரேஸுக்குப் பயப்பட வேண்டாம். வடிகட்டி இல்லாமல் எல்லா இன்டர்ஃபேஸிலும் போட்ட ட்ரேஸ் வேறு கதை. சிபியுவும் போகும், ரைட்டரால் ஈடுகொடுக்க முடியாமல் பதிவுகளும் தொலையும். ரைட்டரின் டிஸ்பாட்சிங் முன்னுரிமை குறைந்தபட்சம் டிசிபிஐபி அளவுக்காவது இருக்க வேண்டும். ‘கடைசி வகுப்பில் ஓடட்டும், அவசரமில்லை’ என்று அதை ஒதுக்கி வைத்தால், நெரிசல் நேரத்துப் பதிவுகள்தான் முதலில் காணாமல் போகும். நீளத்தையும் கட்டுப்படுத்தலாம். எதுவும் சொல்லாவிட்டால் முழுப் பாக்கெட்டும் பதிவாகும். அப்ரெவ் என்று கொடுத்தால் 200 பைட். உங்கள் பிரச்சினை இணைப்பு அறுவதைப் பற்றியது, உள்ளடக்கம் தேவையில்லை. ஐபிவி4 தலைப்பு 20 பைட், டிசிபி தலைப்பு அதிகபட்சம் 60 பைட். அப்ரெவ்=80 போட்டால் போதும். டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாத இணைப்பில் முழு நீளம் பிடித்தால், வாடிக்கையாளரின் தரவு அப்படியே ட்ரேஸ் கோப்பில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்பு நான்கு பேர் கைமாறிப் போகும். தேவையில்லாததைப் பிடிக்காமல் இருப்பதுதான் சரி.

ரைட்டரைச் சும்மா தொடங்கினால் அது ராப் முறையில் ஓடும்: டேட்டாசெட்டின் முதன்மை இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். ‘எப்போது வரும் என்று தெரியாது’ வகைப் பிரச்சினைக்கு இது நல்லது, ஆனால் பிழை வந்த பிறகு தாமதிக்காமல் நிறுத்த வேண்டும். காலை ஆறு மணிக்கு விழுந்த பிழைக்கு ஒன்பது மணிக்கு வந்து ட்ரேஸை நிறுத்தினால், ஆறு மணிப் பதிவு அழிந்துபோயிருக்கலாம்.

அடுத்து டேட்டா ட்ரேஸ். அதுவும் இதே சிஸ்டிசிபிடிஏ வழியாகத்தான் பதிவாகிறது. ரைட்டரும் காம்பொனென்ட்டும் ஏற்கெனவே தயார் என்பதால் ஒரே ஒரு கட்டளை போதும்:

வி டிசிபிஐபி,டிசிபிஐபி,டாட்ட்ரேஸ்,ஆன்,ஜாப்நேம்=டிபி1ஏடிஸ்ட்

ஜாப் பெயராக உங்கள் டிபி2வின் டிஸ்ட் அட்ரஸ் ஸ்பேஸை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைக் கவனிக்கும் பகுதியை) கொடுங்கள். இதன் நிலை டெவ்லிங்க்ஸில் தெரியாது, நெட்ஸ்டாட் கான்ஃபிக் கொடுத்தால் தெரியும். பாக்கெட் ட்ரேஸ் ஸ்டாக்குக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே பார்க்கிறது. டேட்டா ட்ரேஸ் அப்ளிகேஷனுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே, சாக்கெட் வழியாகப் போய்வரும் தரவைப் பார்க்கிறது. அதில் டிசிபி தலைப்பு இல்லை, ஆகவே ரீசெட், மறு அனுப்புதல், விண்டோ எதுவும் தெரியாது. அப்ளிகேஷன் கொடுத்த தரவு ஸ்டாக்குக்கு வந்து சேர்ந்ததா, என்ன வடிவில் வந்தது என்ற சந்தேகம் இருந்தால்தான் அது வேண்டும். ஏடி-டிஎல்எஸ் (ஸ்டாக்கே குறியாக்கம் செய்யும் வசதி) வழியாக டிபி2 பேசினால், சாக்கெட் அருகே தரவு குறியாக்கம் இல்லாமல் இருக்குமே, டேட்டா ட்ரேஸில் படித்துவிடலாமே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். பாலிசியில் சிட்ரேஸ்க்ளியர்டெக்ஸ்ட் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது, இயல்பாக அது ஆஃப். அதை ஆன் செய்வது பாதுகாப்புக் குழுவோடு பேசி, எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய காரியம். உங்கள் விஷயத்தில் டேட்டா ட்ரேஸ் தேவையில்லை, விடுங்கள்.

பிழை வந்துவிட்டது, நிறுத்த வேண்டும். முதலில் பிகேடிட்ரேஸை ஆஃப் செய்யுங்கள். பிறகு தொடங்கிய அதே ட்ரேஸ் சிடி,ஆன் கட்டளையைக் கொடுத்து, பதிலில் டபிள்யூடிஆர்=டிஸ்கனெக்ட்,எண்ட் என்று சொல்லுங்கள். அப்புறம் ட்ரேஸ் சிடி,டபிள்யூடிஆர்ஸ்டாப்=சிடிடபிள்யூடிஆர்,ஃப்ளஷ். ஐடிடி111ஐ வரும்வரை டேட்டாசெட்டைத் தொடாதீர்கள். கடைசியாக ட்ரேஸ் சிடி,ஆஃப் கொடுத்து காம்பொனென்ட்டையும் அணைத்துவிடுங்கள். வெண்டருக்கு அனுப்புவதாக இருந்தால் ஏஎம்ஏடெர்ஸ் போட்டுச் சுருக்கி, பைனரியாக அனுப்புங்கள்.

பதிவைப் படித்துக் காட்டும் ஐபிசிஎஸ் கருவியில் சிட்ரேஸ் துணைக்கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் நெட்வொர்க் டீமோடு சேர்ந்து உட்காரப் போகிறீர்கள் என்றால், ஸ்னிஃபர் ஆப்ஷனில் டிசிபிடம்ப் வடிவம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கோப்பை பைனரியாக இறக்கினால் வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் திறக்கும், இரண்டு டீமும் ஒரே திரையைப் பார்த்துப் பேச முடியும். ஐபிசிஎஸ் இயல்பாக ஜிஎம்டி நேரத்தில் காட்டும், லோக்கல் என்று கேட்டால்தான் உங்கள் நேரம். ஜாவா லாகோடு ஒப்பிடும்போது இதைச் சரிசெய்துகொள்ளாவிட்டால் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் ட்ரேஸில் மூன்றில் ஒன்று தெரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதலாவது, மெயின்ஃப்ரேமே இணைப்பை முடித்திருக்கும்: ஃபின் (இணைப்பை முடிக்கும் அறிவிப்பு) அல்லது ரீசெட் வெளியே போயிருக்கும். அப்படியானால் டிபி2 லாகில் டிஎஸ்என்எல்027ஐ செய்தியும், 00டி3003பி என்ற காரணக் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையை கமிட் செய்யாமல் (முடித்து உறுதிசெய்யாமல்) சும்மா இருந்த த்ரெட்டை டிபி2 வெட்டியதன் அடையாளம் அது. அந்த வரம்பை முடிவு செய்யும் ஐடிடிஎச்டிஓஐஎன் அளவுருவின் இயல்பு மதிப்பு 120 வினாடி. இப்படி இருந்தால் நெட்வொர்க் டீமை விட்டுவிட்டு, ஆப் சர்வரில் கமிட் ஆகாமல் கிடக்கும் இணைப்புகளைத் தேடுங்கள்.

இரண்டாவது, ஆப் சர்வரின் முகவரியிலிருந்து ரீசெட் உள்ளே வந்திருக்கும். அதை அப்படியே நம்பாதீர்கள். அந்த ரீசெட் பாக்கெட்டின் ஐபி தலைப்பில் இருக்கும், ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் டிடிஎல் எண்ணையும், அதே இணைப்பில் முன்பு அதே முகவரியிலிருந்து வந்த சாதாரணப் பாக்கெட்டின் டிடிஎல் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, வழக்கமாக 58 என்று வந்தவர் ரீசெட்டில் மட்டும் 252 என்று வந்தால், அதை அனுப்பியவர் ஆப் சர்வராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ லோடு பேலன்சரோ அவர் பெயரில் அனுப்பியிருக்கிறது.

மூன்றாவதுதான் உங்கள் வர்ணனைக்கு நெருக்கமாகத் தெரிகிறது: ஜாவா லாக் ரீசெட் என்று சொல்லும் நொடியில் மெயின்ஃப்ரேம் ட்ரேஸில் ஒன்றுமே இருக்காது. நீண்ட நேரம் சும்மா இருந்த இணைப்பை ஃபயர்வால் தன் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது, காலையில் ஆப் சர்வர் அனுப்பிய பாக்கெட் மெயின்ஃப்ரேமை எட்டவே இல்லை. இதை நிரூபிக்க ஒரு பக்க ட்ரேஸ் போதாது. ஆப் சர்வரிலும் அதே இரவு பிடிக்கச் சொல்லுங்கள். அங்கே புறப்பட்ட பாக்கெட் இங்கே வந்து சேரவில்லை என்று இரண்டு கோப்புகளும் சேர்ந்து காட்டினால், அதற்கு மேல் வாதம் இல்லை.

இங்கே ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பாக்கெட் ட்ரேஸ் ஸ்டாக்குக்குள் எடுக்கப்படுகிறது, ஓஎஸ்ஏ நெட்வொர்க் அட்டைக்கு முன்னால். வெளியே போகும் பாக்கெட் ட்ரேஸில் இருந்தால் ஸ்டாக் அதை அட்டையிடம் கொடுத்தது என்று பொருள், கம்பியில் போனது என்று பொருள் இல்லை. பாக்கெட்டைத் துண்டாக்கும் வேலையை ஓஎஸ்ஏவிடம் ஒப்படைத்திருந்தால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) மிஞ்சிய பெரிய பாக்கெட்டுகள் தெரியும், செக்சம் (பிழை சரிபார்ப்பு எண்) வேலையை ஒப்படைத்திருந்தால் வயர்ஷார்க் செக்சம் தவறு என்று சிவப்பு காட்டும். இரண்டும் பிழை அல்ல. கம்பியருகே பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஓஎஸ்ஏ-வின் சொந்த ட்ரேஸ் இருக்கிறது: ஓஎஸ்ஏஇஎன்டிஏ கட்டளை, சிஸ்டிசிபிஓடி காம்பொனென்ட். முதல் சுற்றிலேயே அது வேண்டாம்.

ட்ரேஸ் போடும் அன்றைக்கே டிபி2வின் டிசிபிகேபிஏஎல்வி அளவுருவையும் பார்த்துக் குறித்துவையுங்கள். இயல்பாக அது 120 வினாடி. அப்படி இருந்தால் சும்மா கிடக்கும் இணைப்பிலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும்) பாக்கெட்டும் அதற்கான ஏக்கும் (பெற்றேன் என்ற பதிலும்) ட்ரேஸில் தெரிய வேண்டும், ஏக் எந்த மணிக்கு நின்றதோ அந்த நேரம்தான் ஃபயர்வால் லாகில் தேட வேண்டிய நேரம். யாரோ அதை டிசேபிள் செய்திருந்தால் கீப்அலைவே போகாது. எனேபிள் என்று மாற்றியிருந்தால் ஸ்டாக்கின் மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும், அதன் இயல்பு 120 நிமிடம். அந்த நிலையில் ஃபயர்வாலின் ஐடில் நேரத்தைக் கேட்டு வாங்கி, அதைவிடக் குறைவாக டிசிபிகேபிஏஎல்வி மதிப்பை வையுங்கள். மாற்றிய பிறகு அதே வடிகட்டியோடு இன்னொரு இரவு ட்ரேஸ் போட்டு, ஏக் காலைவரை தொடர்கிறதா என்று பாருங்கள்.