மெடிசினா, ஃபுட்பாலா? டெக்சாஸ் பெற்றோருக்கு ஒரு பதில்

(ஃப்ரிஸ்கோவில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு எழுதியது. அவர்கள் சம்மதத்துடன், பெயர் இல்லாமல். இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பால், என்எஃப்எல் அதன் தொழில்முறை லீக்.)

போன வாரம் வீடியோ காலில் நீங்கள் இருவரும் வந்தபோது அப்பா சொன்னது இது: "பதினோராம் கிரேடு படிக்கிற பையன் என்எஃப்எல்-னு உளறிட்டிருக்கான் சார். கோயம்புத்தூர்ல இருந்து எங்க அண்ணன் தினமும் போன் பண்ணி, 'மண்டை உடையிற ஆட்டத்துக்கா அமெரிக்கா போனீங்க, பேசாம ஏழு வருஷ மெடிக்கல் கோர்ஸ்ல போடுங்க'ன்னு திட்டறார். நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க." அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கண் கலங்கியிருந்தது.

பயப்படாதீர்கள், பார்க்கலாம் என்று அன்றைக்குச் சொல்லி வைத்தேன். அப்புறம் பையனோடு தனியாக 40 நிமிடம் பேசினேன். எடுத்துச் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என்எஃப்எல் கணக்கை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். மொத்தம் 32 டீம், டீமுக்கு 53 பேர். ஹைஸ்கூல் முடித்து 3 வருஷம் ஆகாமல் டிராஃப்ட், அதாவது டீம்கள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, பக்கமே போக முடியாது. தகுதி பெற்ற காலேஜ் ஆட்டக்காரர்களில் 100-க்கு 2 பேர்கூட டிராஃப்டில் தேர்வாவதில்லை. உள்ளே போனவர்களும் சராசரியாக மூன்று வருஷம் சொச்சம்தான் நிலைக்கிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் சங்கமே சொல்கிறது. இதையெல்லாம் கேட்டு அவன் வாடிப் போகவில்லை. "தெரியும் அங்கிள். எனக்குக் காலேஜ்ல நாலு வருஷம் ஆடணும், அவ்வளவுதான்" என்றான். வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாலே சண்டை வந்துவிடுகிறதாம்.

அடுத்து மெடிக்கல் கோர்ஸ். வேண்டாம். பயாலஜியை அவன் பாஸ் செய்ததே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்ததால்தான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் யாரும் சொல்லாமலே படிக்கிறான், டீமின் ஆட்டக் கணக்கெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். லாரன்ட் டுவெர்னே-டார்டிஃப் என்று ஒருவர் மெக்கில் பல்கலையில் டாக்டர் பட்டமும் வாங்கினார், கன்சாஸ் சிட்டி டீமோடு 2020-இல் என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் ஜெயித்தார். அண்ணன் நாளைக்கு இவரை உதாரணம் காட்டலாம். அவர் ஆசைப்பட்டு மருத்துவம் படித்தவர். உங்கள் மகனுக்கு அந்த ஆசை துளியும் இல்லை. ஃபீஸ் கட்டப் போவதும் ராத்திரி டூட்டி பார்க்கப் போவதும் அண்ணன் இல்லை.

இனி யாரும் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். லைன்பேக்கராக, அதாவது எதிரணி ஆட்டக்காரரை மோதித் தடுப்பவராக, அவன் டீமில் இரண்டாம் வரிசை. அந்த இடத்தில் காலேஜ் வாய்ப்பு கஷ்டம், உடம்பு போதாது. ஆனால் அவன் இன்னொரு வேலையும் செய்கிறான். உங்களைக் கேட்டபோது, "பன்ட் வர்றப்போ குனிஞ்சு பந்தைக் காலுக்கு நடுவுல பின்னாடி தள்ளுவானே, அதுவா?" என்றீர்கள். அதுவேதான். பன்ட் என்றால் பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்து விடுவது. அதற்குப் பந்தைப் பின்னால் அனுப்புபவருக்கு லாங் ஸ்னாப்பர் என்று பெயர்.

தலைகீழாகப் பார்த்தபடி, 15 கெஜம் பின்னால் நிற்பவரின் இடுப்புக்கு நேராகப் பந்தைச் சுழற்றி அனுப்ப வேண்டும். நல்ல காலேஜ் ஸ்னாப்பர் அனுப்பினால் முக்கால் விநாடியில் போய்ச் சேரும். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோலுக்குத் தூரம் ஏழெட்டு கெஜம்தான், ஆனால் இன்னும் நுணுக்கம். பந்தைப் பிடிப்பவர் கையில் அது வந்து விழும்போதே தையல் கிக்கரின் காலுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அதற்குப் பந்து ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். உங்கள் கராஜில் பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, டேப்பால் ஒரு கட்டம் ஒட்டி, ராத்திரி 100 தடவை அவன் பழகுவது இதைத்தான். அந்தத் 'தொம் தொம்' சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அம்மா சொன்னார்கள். என்னிடம் வலது கை நடுவிரலைக் காட்டினான், தையல் உரசி நுனி காய்த்துப் போயிருக்கிறது.

உங்கள் ஊரிலேயே தலைமையகம் வைத்திருக்கும் டல்லாஸ் கௌபாய்ஸில் எல்.பி. லாடூசர் இந்த ஒரே வேலையில் 2005 முதல் 2020 வரை 16 சீசன் இருந்தார். அதே டீமின் கிக்கர் பிராண்டன் ஆப்ரி சாக்கர் ஆடி, பிறகு சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்த்து, 28 வயதில் என்எஃப்எல்லுக்குள் வந்தவர். எல்லாருக்கும் இது நடக்காது. டீமுக்கு ஒரு ஸ்னாப்பர் என்றால் நாடு முழுக்க 32 வேலைதான். நான் பார்ப்பது காலேஜை. அங்கே டீமுக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் பட்டம் வாங்கிப் போனதும் கோச் வேறு ஆள் தேடியே ஆக வேண்டும். காலேஜ் விளையாட்டை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள், 1 தான் மேல்மட்டம். டிவிஷன் 3 பட்டியலைப் பாருங்கள்: எம்ஐடி, கார்னகி மெலன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ பல்கலை. எல்லாவற்றிலும் ஃபுட்பால் டீம் இருக்கிறது. எம்ஐடியில் கோச் சொன்னதற்காக இடம் தர மாட்டார்கள். ஆனாலும் மார்க் ஒரே மாதிரி இருக்கும் ஆயிரம் இந்தியப் பிள்ளைகளின் விண்ணப்பங்களுக்கு நடுவில் இவனுடையது தனியாகத் தெரியும்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. மேலே சொன்ன தனியார் காலேஜ்களில் மொத்தச் செலவு வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல். இருவர் சம்பளம் வரும் உங்கள் வீட்டுக்கு உதவித்தொகை அதிகம் வராமலும் போகலாம். ஒவ்வொரு காலேஜின் இணையதளத்திலும் நிகரச் செலவுக் கால்குலேட்டர் இருக்கும், விண்ணப்பிக்கும் முன் அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால் அந்தக் காலேஜைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலையில் உள்ளூர்க் கட்டணத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேர்ந்து, ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமில் இடம் கேட்பதுதான் என் முதல் தேர்வு. ஸ்னாப்பர்கள் பலர் அப்படித்தான் நுழைகிறார்கள். காலேஜ் டீமில் சேர்த்துவிடுகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜென்சி எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தலைக்காயப் பயம் நியாயமானது, அதில் அண்ணன் பக்கம்தான் நான். குடும்பங்கள் தானமாகத் தந்த 111 முன்னாள் என்எஃப்எல் ஆட்டக்காரர்களின் மூளையைப் பாஸ்டன் பல்கலை ஆராய்ந்தது. 110-இல் சிடிஇ என்ற மூளைச் சிதைவு இருந்ததாக 2017-இல் வெளியிட்டார்கள். பாதிப்பு இருக்கும் என்று சந்தேகித்தவர்கள்தான் அதிகம் தானம் தந்திருப்பார்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குனிந்திருக்கும் ஸ்னாப்பர் மேல் உடனே பாயக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் பந்தை விட்ட பிறகு அவனும் ஓடி மோதத்தான் வேண்டும். அதனால் அவனிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறேன்: தலை சுற்றினால் அன்றைக்கே அத்லெடிக் ட்ரெய்னரிடம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. லைன்பேக்கர் இடத்தை இந்த சீசனோடு விடச் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறான்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. டெக்சாஸ் அரசுப் பல்கலைகள் பல ஆடும் டிவிஷன் 1-க்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் போன்ற 16 கோர் பாடங்கள் தேவை, அதில் 10 பன்னிரண்டாம் கிரேடு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். பள்ளிக் கவுன்சிலரிடம் இந்த வாரமே சரிபாருங்கள். அப்புறம் கராஜில் அவன் போடும் 15 ஸ்னாப்பைப் பின்னாலிருந்து போனில் எடுத்து, வெட்டாமல் ஒட்டாமல் எனக்கு அனுப்புங்கள். அதை அப்பா எடுத்தால் நன்றாக இருக்கும். இதுவரை ஒரு நாள்கூட நீங்கள் கராஜுக்கு வந்து பார்த்ததில்லை என்று சொன்னான்.