மறதி நோய் வந்தவருக்கு வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – கேள்வி பதில்

முதியோர் வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்த செவிலியர் என்பதால், மதுரைப் பக்கம் இருந்து வந்த இந்தக் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

செல்லூரில் இருந்து: அத்தைக்கு 80 தாண்டிவிட்டது, சில வருஷமாக மறதி. சும்மா அமைதியாகத்தான் இருப்பார். குளிப்பாட்டப் போனால் மட்டும் கையைத் தட்டிவிட்டுக் கண்டபடி திட்டுகிறார். "வலிக்குதா அத்தை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல போ" என்கிறார். என்ன செய்ய, சிஸ்டர்?

அந்த நேரத்தில் உடம்பில் எதை அசைக்கிறோம் என்று பாருங்கள். ஜாக்கெட் கழற்றக் கையைத் தூக்குகிறோம், ஸ்டூலில் இருந்து எழுப்புகிறோம், முதுகு தேய்க்கக் குனிய வைக்கிறோம். நாளைக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாக, மெதுவாகச் செய்யுங்கள். உங்கள் கண் அவர் முகத்தில் இருக்கட்டும். வலது கை ஜாக்கெட்டில் இருந்து வெளியே வரும்போது புருவம் சுருங்கி, கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்தால் தோள்பட்டையைச் சந்தேகப்படலாம். எழுப்பும்போது என்றால் முட்டியோ இடுப்போ. உட்கார்ந்தே இருக்கும்போது இந்த வலி தெரியவே தெரியாது. அசைக்கும்போது பார்த்தால்தான் உண்டு. தண்ணீர் சில்லென்று இருந்தாலும், கூச்சத்தினாலும்கூடத் திட்டுவார்கள். அதையும் சரிபார்த்துவிடுங்கள்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, தோளைத் தொட்டு, "இங்க இப்ப நோகுதா?" என்று ஒரே ஒரு கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள். "நேத்து வலிச்சுச்சா?" என்று கேட்டுப் பயனில்லை. வலியே இல்லை என்பவர், "கடுக்குதா? குறுக்கு பிடிக்குதா?" என்றால் தலையாட்டுவார். பிரசவ வலியையே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்ட தலைமுறை, லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆமாம் என்று சொன்னால் மறதிக்காரர்தானே என்று தள்ளாமல் நம்புங்கள்.

டாக்டரிடம் காட்டும்வரை முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி போடுங்கள். போடும்போது வலிக்கிற கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். டாக்டர் வலி மாத்திரை எழுதினால், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி: மறதி முற்றினால் வலியே தெரியாது என்கிறார்களே?

தவறு. வலியைச் சொல்லும் திறன்தான் போகிறது. ஆஸ்திரேலியாவில் அல்சைமர் நோயாளிகளை ஸ்கேனில் வைத்துப் பார்த்து 2006-இல் வெளியான ஆய்வில், வலிக்கு அவர்கள் மூளை காட்டிய எதிர்வினை மற்ற முதியவர்களைவிடக் குறைவாக இல்லை.

மேலூர்: அப்பத்தா பேச்சே நின்றுவிட்டது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி வலியை அளக்க ஏதாவது உண்டா?

மெஷின் கிடையாது. ஆனால் பெய்ன்ஆட் என்று ஓர் அளவுகோல் 2003-இல் இருந்து இருக்கிறது. மூச்சு, முனகல் அல்லது கத்தல், முகம், உடம்பை வைத்திருக்கும் விதம், தேற்றினால் அடங்குகிறாரா என ஐந்து விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. ஐந்து நிமிஷம் பக்கத்தில் இருந்து பார்த்துப் போட வேண்டும். 6 வந்தால் 3-ஐவிட இரண்டு மடங்கு வலி என்று எடுக்கக் கூடாது. பயத்துக்கும் பசிக்கும்கூட மார்க் ஏறும். அதனால் மாத்திரைக்கு முன்னும் பின்னும், புரட்டும்போதும் சும்மா படுத்திருக்கும்போதும் ஒரே ஆள் போட்டு, ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருமங்கலம்: அப்பா ராத்திரி முழுக்க அனத்துகிறார். தூக்க மாத்திரை ஏற்றிக் கொடுக்கச் சொல்லலாமா?

அதற்கு முன்னால் வலியைப் பார்க்கச் சொல்லுங்கள். நார்வே முதியோர் இல்லங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கலவரப்படும் மறதி நோயாளிகளுக்கு 8 வாரம் படிப்படியாக வலி சிகிச்சை கொடுத்தார்கள். கலவரம் நன்றாகக் குறைந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். அடக்கி வைக்கக் கொடுக்கும் மனநல மாத்திரைகளால் மறதி நோயாளிகளுக்குப் பக்கவாதமும் இறப்பும் கூடுகின்றன. அதற்காக, ஏற்கெனவே சாப்பிடுவதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் பேசித்தான்.

அதே வீட்டில் இருந்து: அப்போ மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாமா?

"வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணே" என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது டைக்ளோஃபினாக் கலந்தது. இந்த வயதில் வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு இரண்டுக்கும் வழி. பாராசிட்டமாலுக்கும் எடை, கல்லீரல் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும், இரட்டிப்பாகிவிடும்.

வாடிப்பட்டி: இரண்டு நாளாக அம்மா இட்லியைக்கூடத் துப்புகிறார். கஞ்சி மட்டும் குடிக்கிறார். அடம் பிடிக்கிறாரா?

டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். பல்செட் அழுத்திய புண், ஈறு வீக்கம், உடைந்த பல், வெற்றிலை போட்டவர் என்றால் கன்னத்தின் உள்பக்கம். வாயில் ஒன்றும் இல்லையா, கடைசியாக எப்போது வெளிக்குப் போனார், சிறுநீர் போகிறதா, அடிவயிறு உப்பலா என்று பாருங்கள். இரண்டே நாளில் ஆளே மாறிப்போய் அரைமயக்கமாக இருந்தாலோ, விழுந்த பிறகு காலை ஊன்ற மறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மறதி நோய் இரண்டு நாளில் இப்படி மாறாது.

ஒத்தக்கடை: படுத்த படுக்கை. ராஜாஜி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகவே முடியவில்லை.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்களைக் கேளுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரண சேவையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. முதியோர் உதவி எண் 14567. அவர்கள் வரும்போது, எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது முகம் சுளித்தார் என்று எழுதிய தாளைக் கொடுங்கள். முடிந்தால் புரட்டும்போது போனில் எடுத்த வீடியோவும். வந்து பார்க்கிற பத்து நிமிஷத்தில் அவர் அசையாமல் படுத்திருப்பார்.